கண்மூடி இறங்கும் மலை

பனிச்சறுக்குப் பந்தயத்தில் கம்பங்களிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம் ஆகிய இரு பிரிவுகளிலும், வீரர் தாம் இறங்கப்போகும் தடத்தில் ஒருமுறைகூட ஓடிப் பழக முடியாது. கம்பங்கள் நட்டு முடிந்ததும், குறித்த நேரத்துக்குள் தடத்தின் ஓரமாக மெல்ல வழுகி இறங்கிப் பார்வையிட மட்டுமே அனுமதி உண்டு. கம்பங்களுக்கிடையே சறுக்கிப் பார்த்தவர் தகுதி இழப்பார். இரண்டாம் சுற்றுக்குக் கம்பங்களை வேறு விதமாக நடுவார்கள்; காலையில் படித்தது பிற்பகலுக்கு உதவாது. உடல் முதல்முறை இறங்கும்போது மனம் பலமுறை இறங்கி முடித்திருக்க வேண்டும். இந்த விளையாட்டில் மனப்பயிற்சி ஒரு தனிக்கலையாக வளர்ந்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம் எனலாம்.

ஆண்கள் ஸ்லாலத்தில் கம்பங்களால் ஆன வாயில்கள் அறுபதைத் தாண்டுவது சாதாரணம். அவற்றை யாரும் ஒன்றொன்றாக மனனம் செய்வதில்லை. மிருதங்கக்காரர் ஒரு கோர்வையைச் சொற்கட்டுகளாக நினைவில் வைப்பதுபோல, வீரர் தடத்தைத் தாளத்தால் பிரித்துக்கொள்கிறார். இந்த இடம்வரை ஒரே சீரான திருப்பங்கள், அடுத்து நெருக்கி நட்ட மூன்று கம்பங்கள், அதன்பின் சரிவு திடீரெனச் செங்குத்தாகும் விளிம்பு. விளிம்புக்கு அப்பால் உள்ள கம்பம் மேலிருந்து வருபவருக்குத் தெரியாது. அங்கே அவர் நின்று, திரும்பி மேலே பார்த்து, மறுபடி கீழே பார்த்து, தெரியாத கம்பம் இருக்கும் திசையில் கையை நீட்டிக் குறித்துக்கொள்வார். தடம் மனத்தில் ஏறுவது இப்படித்தான்.

ரசிகர் பார்க்க வேண்டிய அழகு இதற்குப் பிறகு, புறப்படும் இடத்தில் இருக்கிறது. பந்தயம் தொடங்கும்முன் அங்கே வீரர்கள் கண்களை மூடி நிற்பார்கள். இரு கைகளும் முன்னே நீண்டு இடமும் வலமுமாகச் சாயும். முழங்கால் மடங்கி நிமிரும். மூச்சு அந்தத் திருப்பங்களோடு சேர்ந்தே போகும். அமெரிக்க வீராங்கனை லின்ட்சி வான் இப்படிக் கைகளால் மலை இறங்கும் காட்சி பலருக்கும் பழக்கமானது. தேர்ந்தவரின் கைகளில் நெருக்கமான கம்பங்கள் எங்கே, அகன்ற திருப்பம் எங்கே என்று பார்ப்பவராலும் படிக்க முடியும். பழகாதவரின் கைகள் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் அசையும்.

இதன் தரத்தை அளக்கவும் வழி உண்டு. கண்மூடியவரின் கையில் நிறுத்துக் கடிகாரத்தைக் கொடுத்து, மனத்தில் புறப்படும்போதும் முடிக்கும்போதும் அழுத்தச் சொல்வார்கள். அந்த நேரம் உண்மையான ஓட்டத்தின் நேரத்தை நெருங்க வேண்டும். மிகக் குறைந்தால், மனம் சில கம்பங்களைத் தாண்டிக் குதித்திருக்கிறது. காட்சி எங்கே வெறுமையாகிறதோ அங்கேதான் தடம் இன்னும் படிக்கப்படவில்லை. தன்னையே வெளியிலிருந்து படமாகப் பார்ப்பது தொடக்கநிலை. தன் கண்வழியே பனியைப் பார்ப்பதும், வெளிக்காலில் ஏறும் பாரத்தை உணர்வதும், ஸ்கீயின் விளிம்பு பனியை அறுக்கும் ஓசையைக் கேட்பதும் முதிர்ந்தநிலை.

இந்தப் பழக்கத்தை முறையான பயிற்சியாக்கியவர்களில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் சுயின் முக்கியமானவர். 1970களில் பனிச்சறுக்கு வீரர்களிடம் அவர் கையாண்ட முறையில் முதற்படி தசைகளைத் தளர்த்துவது. ஐம்புலன்களோடும் பந்தயத்தை மனத்தில் நிகழ்த்துவது அடுத்தது. கற்பனையில் மலை இறங்கிய ஒரு வீரரின் தசைகளில் மின்வாய்களைப் பொருத்தியபோது, கரடுமுரடான இடங்களிலும் துள்ளும் இடங்களிலும் தசைகள் அதற்கேற்பத் துடித்தது பதிவாயிற்று. பிற்கால ஆய்வுகளில் இந்தத் துடிப்பு எல்லாரிடமும் ஒரேமாதிரி தென்படவில்லை. எனினும், மனத்தில் ஓடுவது உடல் ஓட்டத்துக்குத் துணைசெய்கிறது என்ற முடிவு நிலைத்துவிட்டது.

இந்தத் துணையின் தேவை பார்வை மங்கும் நாளில் தெரியும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர் காஷ்மீரின் ஆரிஃப் கான். குல்மார்க் சரிவுகளில் நான்கு வயதில் சறுக்கத் தொடங்கியவர். பெப்ரவரி 13 அன்று யான்சிங்கில் ஜயன்ட் ஸ்லாலம் நடந்தபோது பனி ஓயாமல் கொட்டியது, பார்வை மங்கியது, இரண்டாம் சுற்றுத் தாமதமானது. புறப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரால் இரு சுற்றையும் முடிக்க முடியவில்லை. ஆரிஃப் முதற்சுற்றை 1:22.35 நிமிடத்திலும் இரண்டாவதை 1:24.89 நிமிடத்திலும் முடித்து 45ஆம் இடம் பெற்றார். தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட்டின் மொத்த நேரம் 2:09.35. இடைவெளி பெரிதுதான். ஆனால் கண்ணுக்கு எட்டாத தடத்தை மனத்தில் வைத்திருக்க வேண்டிய நாள் அது. அந்த 45ஆம் இடத்தை மரியாதையோடுதான் குறிக்க வேண்டும்.

மனக்காட்சிக்கு மறுபக்கமும் உண்டு. அதே பெய்ஜிங்கில் அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் தம் இரு முதன்மைப் பிரிவுகளிலும் புறப்பட்ட சில செக்கன்களில் தடம் தவறினார். 2024 நவம்பரில் கில்லிங்டன் பந்தயத்தில் விழுந்து வயிற்றில் ஆழமாகக் குத்துப்பட்டபின், உடல் ஆறியும் மனம் அந்த வீழ்ச்சியையே திரும்பத் திரும்ப ஓட்டிக்காட்டியதாக வெளிப்படையாகப் பேசினார். உளவியலாளரின் துணையோடு திரும்பி, 2025 பெப்ரவரியில் உலகக் கிண்ணப் பந்தயங்களில் தம் 100ஆவது வெற்றியைப் பெற்றார். நல்ல ஓட்டத்தை நுட்பமாகக் காணும் மனமே கெட்ட ஓட்டத்தையும் நுட்பமாகக் காண்கிறது. பயத்தை விரட்டுவதைவிட, அந்தக் காட்சியை விழும் இடத்தோடு நிறுத்தாமல் அடிவாரம்வரை ஓட்டிப் பழகுவதே பயன்படும் வழி.

பனியே காணாத இலங்கையின் எத்தாளைக் கரைக்கும் இந்தக் கலை அந்நியமானதன்று. எத்தாளை, ஆலங்குடா, கப்பலடி, கண்டக்குளி என்று நீளும் கற்பிட்டித் தீபகற்பத்தில், மே முதல் ஒக்டோபர்வரை தென்மேற்குக் காற்று விடாமல் வீசும் காலத்தில், பலகையில் நின்று பட்டத்தால் இழுபட்டு நீர்மேல் விரையும் கைட் சேர்ஃபிங் நடக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதன் பந்தய வடிவம் முதன்முறை இடம்பெற்றது. மார்சேய் கடலில் சிங்கப்பூரின் 17 வயது மேக்ஸ் மேடர் வெண்கலம் வென்றார்.

கைட் சேர்ஃபிங்கில் மனப்பயிற்சியின் வடிவம் மாறுகிறது. கம்பம் நட்ட இடத்திலேயே நிற்கும், காற்று நிற்காது. எனவே ஒரே தடத்தை மனனம் செய்து பயனில்லை. நீர்மேல் கருமையாகப் படர்ந்து வரும் சிற்றலை, வலுத்த காற்று வருகிறது என்று காட்டும். அது வந்தால் கைப்பிடியை எவ்வளவு தள்ளுவது, காற்று இறங்கினால் பட்டத்தை எப்படிச் சுழற்றுவது, எதிர்ப்பட்டவர் திசை மாற்றினால் எப்பக்கம் விலகுவது என்று, வந்தால் இது, வராவிட்டால் அது எனக் கிளைகிளையாக ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கிறது. புதியவர் நீரில் இறங்குமுன் மணலிலேயே கைப்பிடியோடு நின்று, கண்மூடி, பட்டத்தை இடமும் வலமும் மனத்தில் செலுத்திப் பார்க்கலாம். கை தானாகவே சரியான இடத்துக்குப் போகும்வரை பழக வேண்டியது, பட்டத்தைச் சட்டென விடுவிக்கும் பாதுகாப்புப் பூட்டை அவிழ்ப்பது. பலத்த காற்றில் இழுபடும்போது அதைத் தேட நேரமிருக்காது.