வகாடு: பாம்பில்லாத பாம்புக் கதை

தானி குயாத்தேயின் 'ஸியா, மலைப்பாம்பின் கனவு' (2001) துணிச்சலான படம். மௌரித்தானிய எழுத்தாளர் மூஸா தியாகனாவின் நாடகத்தைத் தழுவியது. அதன் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் மூலக்கதையின் பாதியை அது தொலைத்துவிட்டது என்பேன்.

மூலக்கதை சோனிங்கே மக்களுடையது. இன்றைய மௌரித்தானியாவின் தெற்கிலும் மாலியின் மேற்கிலும் பரந்திருந்த அவர்களது பழைய நாடு வகாடு. அரபு நூல்கள் அதனைக் கானா என்றன. (இன்றைய கானா 1957இல் அந்தப் பெயரை மட்டுமே எடுத்துக்கொண்டது.) பீடா என்னும் பாம்புக்கு வருடத்துக்கு ஒரு கன்னி, பதிலுக்கு மழையும் பொன்னும். ஸியாவின் முறை வந்தபோது அவளை நேசித்த மாமதி பாம்பை வெட்டுகிறான். தலை பறந்துபோய்த் தொலைவில் விழ, அங்கே பொன் விளைகிறது. வகாட்டில் ஏழு வருடம் மழையில்லை. சனங்கள் சிதறுகிறார்கள்.

படத்தில் பாம்பே கிடையாது. பெண்களைச் சீரழிப்பவர்கள் பூசகர்கள். இதை நவீனப் பகுத்தறிவின் இட்டுக்கட்டல் என்று தள்ளிவிட முடியாது. 1068இல் அந்தலூஸில் இருந்தபடியே கானாவைப் பற்றி எழுதிய அல்பக்ரி இரண்டு நகரங்களைக் காட்டுகிறார். ஒன்று பன்னிரண்டு பள்ளிவாசல்கள் கொண்ட முஸ்லிம் நகரம். ஆறு மைல் தள்ளி அரசனின் நகரம். பெயரே 'அல்காபா', அதாவது காடு. சிலைகளும் அரசர்களின் சமாதிகளும் அங்குள்ள தோப்புகளில். காவலர் எவரையும் உள்ளே விடார். அரசனின் சிறைகளும் அங்குதான். அடைக்கப்பட்டவனைப் பற்றிப் பிறகு ஒரு தகவலும் வராது. எனக்குப் பீடாவைவிட இந்த ஒரு வரியே அச்சமூட்டுகிறது.

அந்த அரசனின் மந்திரிகளில் பெரும்பாலோரும் பொருளாளரும் மொழிபெயர்ப்பாளர்களும் முஸ்லிம்கள் என்பதையும் அதே அல்பக்ரிதான் சொல்கிறார். ஆகவே பாம்பின் சாவை இஸ்லாத்தின் வெற்றியாக உருவகித்து வாசிப்போருக்கு அவர் கைகொடுக்கமாட்டார். மாமதி வாளெடுத்ததும் தௌஹீதுக்காக அல்லவே, ஒரு பெண்ணுக்காக! 1076இல் முராபித்துகள் கானாவை வென்றார்கள் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்ததும் 1980களில் கொன்ராட், ஃபிஷர் ஆகியோரின் ஆய்வுகளால் ஆட்டங்கண்டுவிட்டது.

படம் தொலைத்தது வரட்சியைத்தான். அநியாயத்தை நிறுத்தியவனாலேயே ஊர் அழிந்துபோனால் என்ன செய்வது? மூலக்கதையின் கொடிய கேள்வி இது. பாம்பைப் பொய்யாக்கியதும் கேள்வியும் போய்விடுகிறது; மிஞ்சுவது எந்த நாட்டு எதேச்சாதிகாரிக்கும் பொருந்தக்கூடிய ஒரு அரசியல் அங்கதம். மழை பொய்த்த ஊர்களிலிருந்து பாரிஸுக்குப் போய்த் தொழிலாளர் விடுதிகளில் காலங்கழித்த சோனிங்கேக்களுக்கு அது போதுமா?

தியாகனாவின் தலைப்பு 'ஸியா யத்தபரே கண்ட வகாட்டுத் தொன்மம்'. பலிப்பெண்ணின் கண்ணால் கதையைப் பார்க்க வைத்தமை பெரிய காரியம். பிரெஞ்சு தெரிந்த எவராவது அந்நாடகத்தைத் தமிழுக்குக் கொண்டுவரட்டும்.