சார்பு, சாய்வு, கோட்டம்: 'பயஸ்' என்னும் சொல்லும் அதன் தமிழ் நிகரன்களும்

1.0 முன்னுரை

மொழிபெயர்ப்பாளருக்கு இடர் விளைப்பவை அருஞ்சொற்கள் மட்டும் அல்ல. பல துறைகளில் புழங்கித் துறைதோறும் சற்றே பொருள் மாறும் எளிய சொற்களே பெரிதும் இடர் விளைக்கின்றன. 'பயஸ்' என்னும் ஆங்கிலச் சொல் அத்தகையது. சட்டம், புள்ளியியல், உளவியல், மின்னணுவியல், இதழியல் ஆகியவற்றிலும், அண்மைக்காலமாகக் கணினி மொழியியலிலும் அது கலைச்சொல்லாக வழங்குகிறது. தமிழில் அதற்குப் பாரபட்சம், ஒருதலைப்பட்சம், ஓரவஞ்சனை, சார்பு, பக்கச்சார்பு, சாய்வு எனப் பல நிகரன்கள் உள்ளன. இவற்றுள் எதனையும் எவ்விடத்தும் பெய்துகொள்ளலாம் என்னும் எண்ணம் பரவலாகக் காணப்படுகிறது. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதையும், சொல் பொருந்தாதபோது மூலத்தின் கருத்தே திரிந்துவிடும் என்பதையும் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2.0 ஆங்கிலச் சொல்லின் வரலாறு

இச்சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தது. அங்கு அதன் பொருள் 'குறுக்குச் சாய்வான கோடு' என்பதே. துணியின் இழையோட்டத்திற்குச் சாய்வாக வெட்டுவதை ஆங்கிலத் தையற்கலை இன்றும் இச்சொல்லாலேயே குறிக்கிறது. நம் தையற்காரர் அதனைக் 'கிராஸ்' என்பர்.

அதே நூற்றாண்டில் இச்சொல் பந்துருட்டும் புல்தரை விளையாட்டு ஒன்றில் வழங்கலாயிற்று. அவ்விளையாட்டின் பந்து ஒரு பக்கம் எடையோ வடிவமோ மிகுந்திருக்குமாறு செய்யப்படும். நேராக உருட்டினாலும் அது வளைந்தே செல்லும். விரைவு குறையக் குறைய வளைவு மிகும். பந்தினுள் அமைந்த இவ்வியல்பே 'பயஸ்' எனப்பட்டது. சேக்சுபியரும் இவ்விளையாட்டுப் பொருளில் இச்சொல்லை ஆண்டுள்ளார். மனத்தின் ஒருபுறச் சாய்வைக் குறிக்கும் பொருள் இதிலிருந்தே விரிந்தது.

இவ்வரலாற்றில் இரண்டு கூறுகள் கருதத்தக்கவை. ஒன்று, இச்சொல் செயலைச் சுட்டாமல் செயலுக்கு முன்பே உள்ளமைந்த இயல்பைச் சுட்டுகிறது. மற்றொன்று, அதில் பழிப்பொருள் இயல்பாக இல்லை. பந்து வளைவது பந்தின் குற்றம் ஆகாது.

3.0 தமிழ்ச் சொற்களின் பொருட்புலம்

3.1 கோடு. பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, வளைவுப் பொருள் தரும் கொடு, கோடு ஆகியவற்றை ஒரு வேரின்கீழ் வைக்கிறது. செங்கோல், கொடுங்கோல் என்னும் இணையும் நேர்மை, வளைவு என்பவற்றின் உருவகமே. திருக்குறளின் 12ஆம் அதிகாரமாகிய நடுவுநிலைமை, சான்றோரின் கோடாமையைத் துலாக்கோலோடு ஒப்பிடுகிறது. மேலும் அவ்வதிகாரம் சொற்கோட்டம், உட்கோட்டம் என இரண்டைப் பிரித்துக் கூறுகிறது. வெளிப்படும் சொல்லின் வளைவு ஒன்று. அதற்கு முற்பட்ட உள்ளத்தின் வளைவு மற்றொன்று. ஆங்கிலச் சொல்லின் வரலாற்றில் கண்ட வேறுபாட்டைத் தமிழ் முன்பே உணர்ந்திருந்தது என்பதற்கு இது சான்று.

3.2 ஓரம். விளிம்பைக் குறிக்கும் இச்சொல்லுக்கு நடுநிலை தவறுதல் என்னும் பொருளும் உண்டு. நடுவை விட்டு ஓரம் செல்லுதல் என்பது இதன் உருவகம். ஒளவையாரின் நல்வழியில் வரும் 'மன்றோரம்' நீதிமன்றச் சூழலுக்கே உரியது. இன்று ஓரம் இப்பொருளில் தனித்து வழங்குவது அரிது. 'ஓரவஞ்சனை' என்னும் தொடரில் வாழ்கிறது. அத்தொடரிலோ வஞ்சனை என்னும் குற்றச்சாட்டு உடன்பிறந்துவிட்டது.

3.3 பட்சம். வடமொழியில் சிறகு, பக்கம் எனப் பொருள்படும் சொல் இது. பழைய கடிதங்களில் இச்சொல் அன்பையும் குறித்தது. கன்னடம், மலையாளம், இந்தி ஆகியவற்றில் 'பட்சபாதம்' என்பதன் வடிவங்களே பெருவழக்கு. பக்கம் ஒன்றில் வீழ்தல் என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் அதனிடத்தைப் பாரபட்சமும் ஒருதலைப்பட்சமும் பிடித்துக்கொண்டன. 'ஒருதலை' என்பதற்குப் பழந்தமிழில் உறுதி என்ற பொருளும் இருந்தமை இங்கு நினைக்கத்தக்கது.

3.4 சார். இவ்வினை செயப்படுபொருளை வேண்டுவது. சார்ந்தான் என்றால் எதனைச் சார்ந்தான் என்னும் வினா எழும். சாய்தலுக்கோ திசை மட்டும் போதும். எனவே கட்சிச் சார்பு, சமயச் சார்பு என்பன போல, பற்றுக்கோடு இன்னது என்று தெரிந்த இடத்தில் 'சார்பு' பொருந்தும்; தெரியாத இடத்தில் பொருந்தாது. எடைக்கல் இன்றியே ஐம்பது கிராம் காட்டும் தராசு எதனையும் சார்ந்திருக்கவில்லை, அது சாய்ந்திருக்கிறது.

4.0 சட்டத் தமிழில் நேரும் திரிபு

சொல் தேர்வின் விளைவு சட்டத்துறையில் வெளிப்படையாகத் தெரியும். ஏ. கே. கிரைபாக் எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர், முன்னர் மைசூர் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய கே. எஸ். ஹெக்டே. இந்திய வனப்பணிக்கு ஜம்மு காஷ்மீர் அலுவலர்களைத் தெரிவுசெய்த குழுவில், அப்பணியை நாடிய ஒருவரே உறுப்பினராகவும் இருந்தார். தம் பெயர் ஆராயப்பட்டபோது அவர் கலந்துகொள்ளவில்லை. ஆயினும் போட்டியாளர்களின் பெயர்கள் ஆராயப்பட்டபோதும், தரவரிசை வகுக்கப்பட்டபோதும் பங்குகொண்டார். அவர் மனம் உண்மையிலேயே சாய்ந்திருந்ததா என்பது வினா அன்று; ஒருவர் மனநிலையை மெய்ப்பிப்பது கடினம்; சாய்ந்திருக்கக்கூடும் என நம்புதற்கு நியாயமான காரணம் உண்டா என்பதே வினா என்று நீதிமன்றம் கருதியது. தெரிவு நீக்கறவு செய்யப்பட்டது.

இத்தீர்ப்பை 'அவர் பாரபட்சம் காட்டியிருக்க வாய்ப்புண்டு' என மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? பாரபட்சம் 'காட்டு' என்னும் வினையோடும், ஓரவஞ்சனை 'செய்' என்னும் வினையோடும் சேர்வன. இரண்டும் நிகழ்ந்த செயலைக் குறிப்பன. எனவே, நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என ஒதுக்கிய செயலையே மொழிபெயர்ப்பு அவர்மீது ஏற்றிவிடுகிறது. குற்றம் சாட்டப்படாத ஒருவர் தமிழில் குற்றவாளியின் சாயல் பெறுகிறார். 'ஒருதலைப்பட்சம்' இங்குப் பயன்படாது. எதிர்த்தரப்பு வராத நிலையில் வழங்கும் தீர்ப்புக்கு அது முன்பே உரியதாகிவிட்டது. 'சார்பு' என்றாலோ வேறோர் இடர். தமிழ்நாட்டில் சார்பு நீதிமன்றம், சார்பு நீதிபதி, சார்பு ஆய்வாளர் என அது கீழ்நிலைப் பதவியைக் குறிக்கும் முன்னொட்டு. 'சார்பு நீதிபதியின் சார்பு' என எழுதுவதன் இடர்ப்பாடு சொல்லாமலே விளங்கும். 2019 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலும் வெளியிடப்படும் சூழலில் இதனை நுட்பம் பற்றிய வீண்வாதம் எனத் தள்ளிவிட இயலாது.

5.0 அறிவியல் தமிழில்

மின்னணுவியலில் இச்சொல் ஒரு கருவிக்குத் தரப்படும் நிலையான மின்னழுத்தத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு என்கின்றன. கணிதப் பாடத்திலோ 'சார்பு' என்பது முற்றிலும் வேறொரு கருத்தைக் குறிக்கும் கலைச்சொல். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் முன்முகக் கோடல், பின்முகக் கோடல் என வழங்குகின்றன. அறவியலில் ஆளப்பட்ட வேர், பழிப்பொருள் நீங்கிக் கருவியின் இயல்பைக் குறிப்பது இலங்கை வழக்கின் சிறப்பு. கொள்+தல் என்பதன் புணர்ச்சி வடிவமும் உரைகளில் 'கோடல்' என வரும். எனினும் இயற்பியலில் மயக்கம் நேராது.

கணினி மொழியியலிலும் இவ்வேறுபாடு தேவைப்படுகிறது. தமிழின் 'அவர்' ஆண்பால், பெண்பால் இரண்டிற்கும் பொது. மருத்துவரைப் பற்றிய தமிழ்த் தொடரை இயந்திரம் ஆங்கிலமாக்கும்போது 'அவர்' ஆண்பாற்பெயராக மாறிவிடுவதுண்டு. இங்கு எவரும் பாரபட்சம் காட்டவில்லை. பயிற்சித் தரவில் இருந்த சாய்வு வெளிப்பட்டது. இதனைப் பாரபட்சம் என்றால் காட்டியவர் யார் என்று தேடுவோம். தரவைத் திருத்த மறந்துவிடுவோம்.

6.0 முடிவுரை

உட்கோட்டம் என்னும் பழஞ்சொல்லை அப்படியே மீட்கலாமா எனின், தடை உண்டு. கோட்டம் இன்று வருவாய்த்துறைப் பிரிவையும் நினைவகத்தையும் குறிக்கிறது; உட்கோட்டமும் நிருவாகப் பிரிவின் பெயராகிவிட்டது. ஆகவே பின்வரும் பங்கீடு கருதத்தக்கது. உள்ளமைந்த இயல்பிற்குச் சாய்வு. சட்டத்தில் வேண்டுமிடத்து மனச்சாய்வு. நிகழ்ந்த செயலுக்குப் பாரபட்சம். அறிந்த பற்றுக்கோட்டிற்குச் சார்பு. மின்னணுவியலுக்குக் கோடல். கணிதத்திலும் சாய்வு என்னும் கலைச்சொல் உண்டெனினும், அங்கும் அதன் பொருள் சரிவின் அளவே ஆதலால் முரண் இல்லை.

மைசூருவில் 1969இல் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 2008இல் தொடங்கிய தேசிய மொழிபெயர்ப்பு இயக்கத்தின் இருப்பிடமாகவும் உள்ளது. இத்தகைய நிறுவனங்களின் கலைச்சொல் தொகுப்புகள் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொற்களை வெறும் வரிசையாக அடுக்குவது போதாது. ஒவ்வொரு நிகரனும் காட்டு, செய், இரு என்பவற்றுள் எவ்வினையோடு சேரும் என்பதையும் குறித்தல் வேண்டும். அச்சிறு குறிப்பு இருந்தால், இயல்பையும் செயலையும் பிரித்தறிய மொழிபெயர்ப்பாளருக்கு அதுவே போதும்.