முட்டையில் தெரியும் கைப்பக்குவம்

கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில், மாநகரத்தின் கழிவுநீரைக் குளங்களில் தேக்கி மீனாகவும் காய்கறியாகவும் மாற்றிக்கொள்ளும் அந்த விசாலமான சதுப்பு நிலத்தை அடுத்த சிற்றூர்களில், வீட்டுக்கு ஐந்தாறு கோழிகளை வளர்த்துவரும் பெண்களிடம் ஒரு நுட்பமான கலை குடிகொண்டிருக்கிறது என்பதும், கோழிக்கு இரை வைப்பதே அந்தக் கலை என்பதும், முட்டையைக் கடையில் எண்ணி வாங்குவதோடு திருப்தியடைந்துவிடுகிறவர்களுக்கு எளிதில் புலப்படுவதில்லை. ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நீர்நிலம் 2002ஆம் ஆண்டில் நீர்நிலங்களைப் பாதுகாக்கும் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. மீன் வளர்ப்பின் பொருட்டே அது உலகப் பிரசித்தி அடைந்தது. எனினும் முட்டையின் ரசிகனுக்கு அதன் கரைகள் வேறு வகையில் முக்கியமானவை. நெல்லின் தவிடு, நொய், சோறு வடித்த கஞ்சி, செக்கில் எஞ்சிய கடுகுப் புண்ணாக்கு, மீன் சந்தையில் அரிந்து ஒதுக்கிய குடலும் தலையும், குளத்தோரம் தானாகப் படரும் கல்மி என்ற வள்ளைக்கீரை, சேற்றில் பொறுக்கிய குக்லி நத்தை ஆகிய இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிற இடம் இந்தியாவில் அதிகம் இராது. கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அள்ளிப் போடாமல், எதை எவ்வளவு, எந்த வேளையில் வைப்பது என்று தெரிந்திருப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது.

வங்காளத்து இந்து இல்லங்களில் கோழியும் கோழிமுட்டையும் நெடுங்காலம் சமையலறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. வாத்து முட்டைக்கே அங்கே பாத்தியதை இருந்தது. மாலை வேளையில் குளத்தங்கரையில் நின்று 'தை தை' என்று கூவி வாத்துகளை வீட்டுக்கு அழைக்கும் குரல் அந்நாட்டுக் கிராமத்தின் நித்தியமான சங்கீதங்களுள் ஒன்று. கோழி பிற்பாடுதான் எல்லா வீடுகளுக்கும் உரியதாயிற்று. ரோட் ஐலண்ட் ரெட் என்னும் செந்நிற அமெரிக்கக் கோழியை அரசாங்கம் குஞ்சுகளாகக் கிராமத்துப் பெண்களுக்கு வழங்கி வந்திருக்கிறது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டைகளோடு நின்றுவிடும். இந்தச் செங்கோழியோ நல்ல போஷணையில் இருநூறைத் தாண்டும். அவ்வளவு கொடுக்கக்கூடிய உயிர் அதற்குத் தக்க ஆகாரத்தைக் கேட்கவும் செய்யுமாதலால், பாட்டி காலத்து வழக்கமாக முற்றத்தில் ஒரு கைப்பிடி நெல்லை இறைத்துவிட்டு நகர்ந்துவிடுவது இதற்குப் போதவில்லை. தீனிக் கலை கூர்மை பெற்றதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

தீனியின் பலன் முட்டையின் எல்லாப் பாகங்களிலும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. மஞ்சட்கரு கோழியின் உடலுக்குள் வேகமாகப் பருத்து முழு அளவை அடைய ஏறத்தாழப் பத்து நாட்களாகின்றன. அதைச் சூழ்ந்து வெண்கரு சேரச் சுமார் மூன்று மணி நேரமும், ஓடு படிய இருபது மணி நேரமும் செல்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள், கொழுப்பில் கரையும் ஒரு செஞ்சாயத்தைக் குறித்த நாட்களில் மட்டும் இரையோடு கலந்து கொடுத்து, பின்னர் இட்ட முட்டைகளை வேகவைத்து நறுக்கிப் பார்த்தபோது, மஞ்சட்கருவுக்குள் செந்நிற வளையங்கள் தெளிவாகத் தெரிந்தன. இன்று நாம் உடைக்கும் முட்டையின் மஞ்சளில் சென்ற பத்து நாட்களின் ஆகாரம் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது என்பதை அறிந்துகொண்டு அதைச் சுவைப்பது தனி ஆனந்தம். நேற்று வைத்த கீரைக்கு இன்று நிறம் வரவில்லையே என்று மூன்று நாளைக்கொரு தரம் தீனியை மாற்றுகிறவருக்கு எந்தத் தீனியின் குணமும் ஒருபோதும் தெரியவராது. பொறுமை இக்கலையின் முதல் இலக்கணம்.

ஓட்டைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏனெனில், என் அபிப்பிராயத்தில், வளர்க்கிறவரின் தேர்ச்சிக்கு மஞ்சட்கருவைக் காட்டிலும் ஓடே நம்பத்தக்க சாட்சி. ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் இரண்டு கிராம் கால்சியம் அடங்கியிருக்கிறது. அந்தக் கோழியின் எலும்புகள் அனைத்திலும் சேர்ந்துள்ள கால்சியத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அது. முட்டையிடும் நாளிலெல்லாம் தன் எலும்புக் கால்சியத்தில் பத்தில் ஒரு பங்குக்கு ஈடானதைக் கொடுத்துவிடும் ஒரு பிராணி, மறுநாள் காலையில் வழக்கம்போலக் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்பது இயற்கையின் அற்புதங்களில் ஒன்றல்லவா? ஓடு பெரும்பாலும் இரவில், கோழி பரணில் அமர்ந்து உறங்கும்போது படிகிறது. இரையெடுக்காத அந்த நேரத்தில் கால்சியம் எங்கிருந்து வரும்? ஒரு பகுதி, இதற்கென்றே எலும்புகளின் உட்குழிவில் சேமித்து வைத்த மென்மையான இருப்பிலிருந்து வருகிறது. மற்றது வயிற்றிலிருந்து வர வேண்டும். மாவாகப் பொடித்த சுண்ணாம்புக்கல் குடலில் விரைவாகக் கடந்துபோய்விடும். பருக்கையாக உடைத்த கிளிஞ்சலும் நத்தை ஓடுமோ கோழியின் அரைப்பையில் தங்கி இரவெல்லாம் சிறுகச் சிறுகக் கரையும். ஆகவேதான் அனுபவமுள்ள பெண்கள் சாயங்காலத்தில், அதுவும் இரையோடு கலக்காமல் தனிச் சட்டியில், கிளிஞ்சலை வைக்கிறார்கள். முட்டையிடும் பெட்டை தானே தேடிச் சென்று தனக்கு வேண்டியதைக் கொத்திக்கொள்ளும். சேவலும் குஞ்சும் அதை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. எல்லாருக்கும் கலந்து ஊட்டிவிட்டால் வளரும் குஞ்சுகளின் சிறுநீரகம் கெடும். தனக்கு எது குறைகிறது என்பதை அறியும் பசி கோழிக்கு உண்டு என்பதையும், அந்தப் பசிக்கு இடம் விடுவதே வளர்ப்பவரின் மரியாதை என்பதையும் இந்த ஒரு சட்டி நமக்குச் சொல்லிவிடுகிறது.

மிஞ்சிய சோறு கோழிக்கு நல்ல ஆகாரம் என்று எண்ணுவோர் நகரத்தில் அநேகர். சோற்றுக்கும் கோழிக்கும் உள்ள உறவில் மனித குலத்துக்கே உபகாரமான ஒரு சரித்திரம் ஒளிந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவின் படேவியா நகரில் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்த எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தம் சோதனைச்சாலைக் கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும் பின்னர் தாமே குணமாவதையும் கண்டு திகைத்தார். இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைச் சில காலம் அவற்றுக்குப் போட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் அதை மறுத்துவிடவே அவை தவிடு நீங்காத அரிசிக்குத் திரும்பியதும் விசாரித்தபோது தெரியவந்தன. நோய்க்கு மருந்து அரிசியின் மேல் தோலில் இருந்தது. பிற்காலத்தில் தயமின் என்ற பி1 வைட்டமினாக அது அறியப்பட்டது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. வங்காளிகள் பெரிதும் புழுங்கலரிசி உண்பதால் அவர்கள் வீட்டுச் சோற்றில் அந்தச் சத்து ஓரளவு தங்கியிருக்கிறது. ஆயினும், வடித்த கஞ்சியில் தவிட்டைப் பிசைந்து வைக்கும் அவ்வூர் வழக்கம், தீட்டும்போது அரிசி இழந்ததை அதே பாத்திரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தவிடு மட்டும் புதியதாக இருக்க வேண்டும்; பழகிய தவிட்டின் எண்ணெய் சிக்கெடுத்துவிட்டால் கோழி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சோறும் தவிடும் வயிற்றை நிரப்பும். முட்டையை நிரப்புவது புரதம். இரையில் நூற்றுக்குப் பதினாறு பதினேழு பங்கேனும் புரதம் இல்லாவிடில் முட்டை முதலில் சிறுக்கும். பிறகு நாள் தவறும். பிறகு நின்றே போகும். புரதத்துக்கு வங்காளத்தில் கைக்கு முதலில் அகப்படுவது கடுகுப் புண்ணாக்கு. இங்கேதான் ஒரு விசித்திரம் நேர்கிறது. கடுகில் உள்ள சினாப்பின் என்ற பொருள் கோழியின் குடலில் சிதைந்து, மீன் வாடைக்கு மூலமான டிரைமெத்திலமீன் என்பதை உண்டாக்குகிறது. பெரும்பாலான கோழிகளின் ஈரல் அதை வாடையற்றதாக மாற்றிவிடும். பழுப்பு முட்டையிடும் குலத்துக் கோழிகள் சிலவற்றில் மட்டும் அந்த வேலையைச் செய்யும் நொதி பிறவியிலேயே குறைபட்டிருப்பதால், வாடை நேரே மஞ்சட்கருவில் போய்த் தங்கிவிடுகிறது; இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2005இல் கண்டறிந்தார்கள். கடுகு மிகுந்த நாட்டில் செங்கோழியும் மிகுந்திருக்கும்போது, ஒரே கூட்டில் ஒரே இரை தின்னும் நாலு பெட்டைகளில் ஒன்றின் முட்டை மட்டும் நாறுவதற்கு இதுவே விளக்கம். சாஸ்திரம் பெயர் சொல்லாத காலத்திலும் புண்ணாக்கைக் கொஞ்சமாகவே சேர்த்து, மீதியை எள்ளுப் புண்ணாக்காலும் மீனாலும் ஈடுசெய்த கைகள் உண்டு. அந்தக் கைகளுக்கு என் வணக்கம்.

மீனிலும் தாரதம்மியம் உண்டு. கடல் மீன் கருவாட்டில் அந்த வாடைக்குரிய பொருள் மிகுதி. ஏரி மீனில் குறைவு. ஆகையால் ரோகு, கட்லா முதலியவற்றின் கழிவு முட்டையின் மணத்தைக் கெடுப்பது அரிது. ஆனால் அவற்றின் குடலைப் பச்சையாகப் போடுவது தவறு. எய்க்மனின் கோழிகளை வீழ்த்திய அதே தயமின் குறையை அது வேறு வழியாக உண்டாக்கிவிடும். இந்தக் கெண்டையினத்து மீன்களின் உள்ளுறுப்பில் தயமினைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. ஒரு கொதி வந்தால் அது அழிந்துபோகும்.

நிறத்தைப் பற்றி ரசிகர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை பலமாக உண்டு. மஞ்சட்கருவின் நிறம் கீரையிலும் மஞ்சள் மக்காச்சோளத்திலும் உள்ள லூட்டின் முதலிய வண்ணப் பொருள்களிலிருந்து வருவது. ஹௌரா பாலத்தின் அடியில் மல்லிக் காட் சந்தையில் மலைபோல் குவியும் செம்மஞ்சள் நிறத்துத் துலுக்கச் சாமந்தி இதழ்களிலும் அதே பொருள் நிறைந்திருக்கிறது; அதன் சாற்றைத் தீனி உற்பத்தியாளர்கள் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். மிளகாய் வற்றலின் சிவப்பைச் சேர்த்தால் மஞ்சள் செம்மஞ்சளாகக் கனியும். சந்தைப் பூக்களில் பூச்சிமருந்து தங்கியிருக்கக்கூடுமாதலால் அவற்றை வாரிக் கோழிக்குப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வெளுத்த மஞ்சட்கரு சத்தற்றது என்று தீர்ப்புச் சொல்வதும் நியாயமன்று. நொய்யும் மீனும் தின்ற கோழியின் முட்டை நிறத்தில் மங்கியிருந்தாலும் போஷணையில் சிறிதும் தாழாது. கல்மிக் கீரையைத் தின்று, குளத்தோரப் புல்லில் உலவி வந்த கோழியின் முட்டையில் தோன்றும் அந்த ஆழ்ந்த பொன்னிறத்தின் லாவண்யம் வேறு. ஆயினும் அதைக் கண்ட மாத்திரத்தில் ஓட்டைத் தட்டிப் பார்க்க மறந்துவிடலாகாது.

பருவங்களும் இக்கலைக்குள் பிரவேசிக்கின்றன. வைகாசிப் புழுக்கத்தில் கோழி வாய் திறந்து இளைக்கும். அப்போது இரையெடுப்பு குறைவதோடு, மூச்சின் வழியே கரியமில வாயு மிகுதியாக வெளியேறுவதால் ஓடு மெலியும். விடியற்காலையின் குளிர்ச்சியில் இரை வைப்பதே அதற்குப் பரிகாரம். மழைக்காலத்தில் ஈரமேறிய சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 1960இல் இங்கிலாந்தில் ஏராளமான வான்கோழிகளைக் கொன்றது இத்தகைய கடலைப் புண்ணாக்குதான். மார்கழியில் கொல்கத்தாவின் பகல் பதினோரு மணி நேரத்துக்கும் குறுகிவிடுவதால் முட்டை குறைவதற்குத் தீனியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒளி குறைந்தால் கோழியின் உடல் ஓய்வை நாடும்.

மூட்டையில் வரும் கம்பெனித் தீனியை இகழ்வதற்கு எனக்கு மனமில்லை. முட்டையின் எண்ணிக்கை ஒன்றே குறிக்கோளானால் அதை வெல்வது அரிது. ருசி என்று வரும்போது என் தேர்வு வேறு. கஞ்சியில் பிசைந்த புதுத் தவிடு, கொதித்த ஏரிமீன் கழிவு, கைப்பிடி கல்மிக் கீரை, மாலையில் கிளிஞ்சல் ஆகியவற்றில் வளர்ந்த செங்கோழி ஐப்பசி கார்த்திகையில் இடும் முட்டையை, வங்காளிகள் 'போச்' என்று அழைக்கும் முறையில் மஞ்சட்கரு உடையாமல் பொரித்து, உப்பும் மிளகும் மட்டும் தூவி உண்ண வேண்டும். வெண்கரு பரந்தோடாமல் மஞ்சளைத் தாங்கி உயர்ந்து நிற்கும். அது புதுமையின் அடையாளம். மஞ்சட்கரு நாவில் தடித்து, வெண்ணெயின் மணத்தோடு மெல்ல விரியும். கொல்கத்தாவில் நான் சுவைத்த முட்டைகளில் இதற்கு மேலானது இல்லை.

வீட்டில் கோழி வைத்திருக்கும் அன்பர்கள் சிலவற்றைச் செய்ய வேண்டும். புதிய தீனி எதையும் மதிப்பிடுவதற்கு முன் இரண்டு வாரம் அதை மாற்றாமல் கொடுத்துப் பாருங்கள். கிளிஞ்சலை உடைத்துத் தனிச் சட்டியில் சாயங்காலம் வையுங்கள். ஓடு படியாத தோல்முட்டை தொடர்ந்து வந்தால் கோழியை அறுப்பதற்கு முன் அந்தச் சட்டி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.