மெருகுக்குக் குறிப்பு போதுமா?
இரண்டு மட்பாண்ட நூல்களைப் பற்றி ஒரு மதிப்பீடு

ஊறுகாய் ஜாடியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உப்பும் புளிப்பும் எண்ணெயும் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தாலும் அது அசைவதில்லை. அதே ஊறுகாயைச் சாதாரணச் செம்மண் சட்டியில் போட்டு வையுங்கள். சில நாட்களில் சட்டியின் வெளிப்புறம் உப்புப் பூத்துவிடும். ஜாடியின் உடல் மிகுந்த வெப்பத்தில் வெந்து கல்போல் இறுகியிருப்பது இவ்வேற்றுமைக்கு ஒரு காரணம். அதன்மேல் படிந்துள்ள மெருகு மற்றொரு காரணம்.

மெருகு என்றவுடன் ஏதோ ஒரு வகை வண்ணம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பானையின் மேலேயே உருகிப் படிந்த கண்ணாடி. கண்ணாடியாவது சிலிக்கா. தனியே அதை உருக்க ஏறக்குறைய 1,700° செ. வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தில் பானையே நில்லாது. ஆகவே சுண்ணாம்பு, பொட்டாசு, சோடா போன்ற இளக்கிகளைச் சேர்த்து உருகுநிலையைக் குறைக்கிறார்கள். உருகியது சுவரில் வழிந்து ஓடிவிடாமல் பிடித்துவைக்கக் களிமண்ணில் உள்ள அலுமினா உதவுகிறது. சிலிக்கா, இளக்கி, அலுமினா ஆகிய மூன்றும் எந்த அளவில் சேர வேண்டும் என்பதே மெருகுக் கலையின் அடிப்படைக் கேள்வி.

இக்கேள்விக்குப் புகழ்பெற்ற இரண்டு ஆங்கில நூல்கள் இரு வேறு வழிகளில் விடை சொல்கின்றன. ஒன்று பெர்னார்ட் லீச் 1940-இல் வெளியிட்ட 'எ பாட்டர்ஸ் புக்'. மற்றது அவருடைய மாணவர் மைக்கேல் கார்டியூ 1969-இல் வெளியிட்ட 'பயனியர் பாட்டரி'. கையால் மட்பாண்டம் செய்யப் பழகுவோர் பெரும்பாலும் முதல் நூலைத்தான் நாடுகின்றனர். நம் மாணவருக்கு இரண்டாவதே பயன்படும் என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன், ஏற்பதும் மறுப்பதும் உங்கள் பொறுப்பு.

லீச் ஹாங்காங்கில் பிறந்து ஜப்பானில் தொழில் கற்ற ஆங்கிலேயர். 1920-இல் ஷோஜி ஹமாடா என்ற ஜப்பானியக் கலைஞருடன் சேர்ந்து இங்கிலாந்தில் செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊரில் பட்டறை அமைத்தார். நல்ல பானை எது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்று நூலின் முதல் அத்தியாயத்திலேயே வாதிட்டு, சீனத்துச் சுங் காலப் பாண்டங்களை அதற்குச் சான்றாக நிறுத்துகிறார். அப்பகுதி இன்று படித்தாலும் சிந்தனையைத் தூண்டும். தொழில் பகுதிகளும் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருக்கின்றன. குறை இருப்பது மெருகுக் குறிப்புகளை நாம் கையாளும் இடத்தில்.

அவருடைய பெயரால் உலகெங்கும் வழங்கும் குறிப்பு ஒன்று உண்டு. ஃபெல்ட்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, சுண்ணக்கல் பொடி 20, சீனக் களிமண் 10. நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று குழந்தைகூட நினைவில் வைத்துக்கொள்ளலாம். சுமார் 1,250° வெப்பத்தில் இது தெளிந்த, பளபளப்பான மெருகாகும். அருமையான குறிப்பு என்பதில் ஐயமில்லை.

ஆனால் மதுரையிலோ சேலத்திலோ ஒரு மாணவர் இதைச் செய்ய முயல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணக்கல் பொடி என்பது கால்சியம் கார்பனேட். அவர் கடைச் சுண்ணாம்பை எடுக்கிறார். சூளையில் கார்பனேட்டின் 20 பங்கில் ஏறக்குறைய 9 பங்கு கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிட, 11 பங்கு கால்சியம் ஆக்சைடே மெருகில் மிஞ்சும். சுட்ட சுண்ணாம்போ முன்பே அந்த வாயுவை இழந்தது. அதில் 20 பங்கு போட்டால் வேண்டியதைப் போல் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் சுண்ணாம்பு சேர்ந்துவிடும், கையும் வெந்துபோகும். சரி, பள்ளியில் எழுதும் சாக்குக்கட்டியைப் பொடித்தால் என்ன? அது பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். வேறு பொருள், வேறு விளைவு. குறிப்பில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. மெருகு மட்டும் கெட்டுப்போகிறது.

சாம்பல் மெருகில் இந்தத் தொல்லை இன்னும் பெரிது. ஜப்பானிய மரபைப் பின்பற்றி லீச் மரச்சாம்பலை விரும்பிக் கையாண்டார். மரச்சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாசும் மிகுதி. அது நல்ல இளக்கி. நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது உமிச் சாம்பல். இதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காவே. இளக்கி வேண்டிய இடத்தில் இதைப் போட்டால் மெருகு உருகாமல் சொரசொரவென்று நிற்கும். தேங்காய் மட்டைச் சாம்பலோ பொட்டாசு நிறைந்தது. மூன்றுக்கும் தமிழில் ஒரே பெயர், சாம்பல். 'சாம்பல் 40 பங்கு' என்று எழுதிய குறிப்பு எந்த மரம், எந்த மண் என்று சொல்லாதவரை நமக்கு அரைக் குறிப்புத்தான். ஹமாடா உமிச் சாம்பலையும் பயன்படுத்தினார். ஆனால் அதைச் சிலிக்காவாக அறிந்து பயன்படுத்தினார்; அதில் பிறந்த பால் போன்ற வெள்ளை மெருகு புகழ்பெற்றது.

இங்கேதான் கார்டியூவின் நூல் கைகொடுக்கிறது. அவர் 1923-இல் லீச்சிடம் சேர்ந்தவர். 1942-இல் ஆப்பிரிக்கா சென்று, இன்றைய கானாவிலும் பின்னர் நைஜீரியாவிலும் பல ஆண்டுகள் பட்டறைகள் நடத்தினார். அங்கே மூட்டையில் கட்டிய ஃபெல்ட்ஸ்பாரைக் கடையில் வாங்க வழியில்லை. பாறையைத் தேடிக் கண்டறிந்து, உடைத்து, அரைத்துப் பயன்படுத்த வேண்டும். ஆகவே அவருடைய நூல் பாறையிலிருந்து தொடங்குகிறது. கருங்கல் எவ்வாறு சிதைந்து களிமண்ணாகிறது, அதில் எந்தக் கனிமம் இளக்கி, எது கண்ணாடியாகும் என்றெல்லாம் பொறுமையாக விளக்குகிறார். மெருகை எடைப் பங்குகளாக மட்டும் பார்க்காமல் மூலக்கூறுகளின் எண்ணிக்கையாகவும் பார்க்கக் கற்பிக்கிறார்.

இந்தக் கணக்கு கார்டியூ கண்டுபிடித்ததன்று. பெர்லினில் பணியாற்றிய ஹெர்மன் செகர் என்ற வேதியியலார் 19-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்தது. எல்லா இளக்கி ஆக்சைடுகளின் மூலக்கூறுகளையும் கூட்டி 1 என்று கொள்ள வேண்டும். அலுமினாவையும் சிலிக்காவையும் அதனோடு ஒப்பிட வேண்டும். லீச்சின் நாலு-மூன்று-இரண்டு-ஒன்றைத் தூய பொருள்களாகக் கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள். இளக்கி 1-இல் கால்சியம் ஆக்சைடு ஏறக்குறைய 0.74, பொட்டாசியம் ஆக்சைடு 0.26, அலுமினா 0.4, சிலிக்கா 3.7 என்று வரும். பிளஸ் டூ வேதியியல் படித்தவருக்கு அரைமணி நேர வேலை. இனி அந்த நான்கு பொருள்களே வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த எண்களைக் கிட்டத்தட்டத் தரும் எந்தக் கல்லும் சாம்பலும் உங்களுக்கு உதவும். நான் லீச்சைவிடக் கார்டியூவை உயர்த்திப் பேசுவது இதற்காகவே.

கார்டியூ நூலும் குறையற்றதன்று. நடை அடர்த்தியானது, புதியவர் முதல் சில அத்தியாயங்களிலேயே களைத்துவிடுவார். இன்னொன்று, மெருகிட்ட கல்பாண்டமே நாட்டுப்புறக் குயவனின் அடுத்த படி என்ற எண்ணம் அவருடைய வாழ்நாள் பணியின் அடியில் ஓடுகிறது. 1950-களில் அவர் பணியாற்றிய அபுஜாவை (இன்று அவ்வூர் சுலேஜா, தலைநகர் அபுஜா வேறு) எண்ணிப் பாருங்கள். லாடி குவாலி என்ற பெண்மணி சக்கரமின்றிக் கையாலேயே பெரிய தண்ணீர்ப் பானைகளை வனைந்து, அவற்றில் பல்லியும் பறவையும் கீறுவார். பட்டறையில் சேர்ந்தபின் அதே பானைகள் மெருகேறிக் கடுஞ்சூட்டில் வெந்து, 1958-இல் லண்டன் கண்காட்சிக்குச் சென்றன. நைஜீரியாவின் 20 நைரா நோட்டில் இன்று அவர் உருவம் இருக்கிறது. அழகான பானைகள்தாம். ஆனால் அவற்றில் தண்ணீர் குளிராது! மண்பானையின் நுண்துளைகளில் கசிந்து ஆவியாகும் நீரே உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கிறது. மெருகு அந்த வாசலை அடைத்துவிடுகிறது. அடுப்பில் நேரே ஏற்றினால் நம் செம்மண் சட்டி தாங்கும். கல்பாண்டம் விரிசல் விடும். மெருகில்லாத பானை செய்யும் நம் வேளார் அறிவில் குறைந்தவர் அல்லர். வேறு வேலைக்கு வேறு பாண்டம் செய்கிறார், அவ்வளவே.

ஒரு செய்தியை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். லீச்சின் நூலில் தாழ்ந்த வெப்பத்தில் உருகும் ராகு, ஸ்லிப்வேர் பாண்டங்களும் இடம்பெறுகின்றன. அவற்றின் மெருகுக்கு ஈயச் சேர்மங்களே இளக்கி. அக்காலத்தில் அது வழக்கம். 1947-இல் பிரிட்டனின் தொழிற்சாலைகளில் பச்சை ஈய மெருகைத் தடைசெய்துவிட்டனர். நம் கிராமச் சூளைகளின் வெப்பம் பெரும்பாலும் 900 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஆகவே இக்குறிப்புகளே நம்மவர் கண்ணுக்கு எளிதாகத் தோன்றும். அங்கே மொழியே ஒரு பொறி வைத்திருக்கிறது. 'ஒயிட் லெட்' என்று ஆங்கிலத்தில் இருப்பதை 'வெள்ளீயம்' என்று பெயர்த்துவிடாதீர்கள். வெள்ளீயம் ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் உலோகம், தகரம். 'ஒயிட் லெட்' என்பது காரீயத்தின் கார்பனேட், நஞ்சு. சரியாக வேகாத ஈய மெருகில் புளியும் தயிரும் பட்டால் ஈயம் கரைந்து உணவில் கலக்கும். பச்சை நிறத்துக்காகச் செம்பு சேர்த்தால் அது இன்னும் மிகுதியாகக் கரையும். உண்ணும் பாண்டத்துக்கு இக்குறிப்புகளைத் தொடவே வேண்டாம்.

பூசும் முறையைப் பொறுத்தவரை இரு நூல்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஒருமுறை சுட்ட பானை நீரை உறிஞ்சும். மெருகுக் கூழில் சில விநாடி முக்கி எடுத்தால் நீர் சுவருக்குள் சென்று, பொடி மட்டும் மேலே படியும். அதிக நேரம் முக்கினால் படலம் தடித்துச் சூளையில் வழியும். அடிப்பாகத்தைத் துடைத்துவிடாவிட்டால் பானை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இதைப் படித்துக் கற்பதைவிட ஒருவர் செய்வதைப் பார்த்துக் கற்பதே எளிது. புதுவையில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையிலிருந்து பலர் இவ்வாறே பயின்று வெளிவந்துள்ளனர்.

உயர்வெப்பச் சூளை வசதியுள்ள கல்லூரி மாணவர்கள் இரு நூல்களையும் சேர்த்து ஒரு சோதனை செய்யலாம். லீச்சின் குறிப்பில் குவார்ட்ஸ் 30 பங்கை எடுத்துவிட்டு, நன்றாக எரித்து வெளுத்த உமிச் சாம்பலை 5, 10, 15 என்று ஏற்றி 30 வரை சேர்த்து ஆறு வில்லைகளில் பூசிச் சுடுங்கள். குவார்ட்ஸ் இட்ட வில்லை ஒன்றையும் அருகில் வையுங்கள். பொடி செய்யும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள மறவாதீர்கள். சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஒவ்வொரு வில்லையின் பின்புறமும் எண்ணை இரும்பு ஆக்சைடால் எழுதுங்கள். பென்சில் எழுத்து சூளையில் எரிந்துபோகும்.