தேம்பாவணியில் இறை எச்சரிக்கை: கேட்டு நடக்கும் காப்பியத் தலைவன்

முன்னுரை

வரவிருக்கும் கேட்டினைக் கனவாலும் நிமித்தத்தாலும் முன்னுணர்த்துதல் தமிழ்க் காப்பியங்களில் தொன்றுதொட்டு வரும் மரபாகும். சிலப்பதிகாரத்திலும் கம்பராமாயணத்திலும் இம்மரபு சிறப்புற அமைந்துள்ளது. வீரமாமுனிவர் 1726ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணியும் இம்மரபைத் தழுவிய நூலே. 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட இக்காப்பியத்தின் தலைவன் வளன் எனப்படும் சூசையப்பர். காப்பியம் தன்னிகரற்ற தலைவனை உடையதாக வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுக்கும் இலக்கணம். சூசையப்பரோ நான்கு நற்செய்தி நூல்களிலும் ஒரு சொல்லேனும் பேசியதாகக் காட்டப்படாதவர், போர் புரியாதவர், நாடாளாதவர், கனவில் பெற்ற கட்டளையின்படி எழுந்து நடந்தவர். இத்தகையவர் காப்பியத் தலைவராதற்கு உரிய தகுதி யாது என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது. இறை எச்சரிக்கையைக் கேட்டு நடத்தல் என்பதே இக்காப்பியத்தில் வீரச்செயலின் இடத்தைப் பெறுகிறது என்பதனை நிறுவ இக்கட்டுரை முற்படுகின்றது.

மத்தேயுவின் ஆறு கனவுகள்

சூசையப்பர் வரலாற்றுக்கு விவிலிய மூலமாக அமைவது பெரிதும் மத்தேயு நற்செய்தியின் முதலிரு அதிகாரங்களே. அந்நற்செய்தியில் ஆறு கனவுகள் இடம்பெறுகின்றன. மரியாளை ஏற்றுக்கொள்ளுமாறு பணித்தல் (1:20), எகிப்துக்குத் தப்பியோடுமாறு பணித்தல் (2:13), திரும்பி வருமாறு பணித்தல் (2:19-20), யூதேயாவைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துதல் (2:22) ஆகிய நான்கும் சூசையப்பர் கண்டவை. ஏரோதிடம் திரும்ப வேண்டா என ஞானியர் பெற்ற அறிவுறுத்தல் (2:12) ஐந்தாவது. பிலாத்துவின் மனைவி கண்ட கனவு (27:19) ஆறாவது. இவற்றுள் முதல் ஐந்தும் கேட்கப்பட்டன; இறுதியது புறக்கணிக்கப்பட்டது.

ஞானியர்க்கும், இறுதிக் கனவில் சூசையப்பர்க்கும், மூலமாகிய கிரேக்க நூல் ஒரே வினையை ஆள்கின்றது. இறைவனிடமிருந்து மறுமொழியோ அறிவுறுத்தலோ பெறுதல் என்பது அதன் பொருள். சீர்திருத்தச் சபையாரிடை வழங்கும் தமிழ் விவிலியம் இதனை 'எச்சரிக்கை' என்னும் சொல்லடியாகப் பெயர்த்துள்ளது. இச்சொல் தமிழ் இசைமரபில் இறைவனோ அரசனோ எழுந்தருளுங்கால் பாடப்படும் பாடல் வகைக்கும் பெயராக வழங்குவது ஈண்டு நினைக்கத்தக்கது. வருவதை அறிவித்து, நிற்போரை ஒழுங்குபடுத்துதலே இரண்டிற்கும் பொதுவான பொருளாகும்.

ஊழும் எச்சரிக்கையும்

சிலப்பதிகாரக் கனவுகளோடு ஒப்பிடுங்கால் இவ்வெச்சரிக்கையின் தனித்தன்மை தெளிவாகும். கனாத்திறம் உரைத்த காதையில், பெருநகர் ஒன்றில் கோவலன்மீது பழி சுமத்தப்படுவதையும் அரசனுக்கும் ஊருக்கும் தீங்கு நேர்வதையும் கண்ணகி கனவில் காண்கிறாள். அக்கனவு அவளுக்குச் செல்லாதே என்று கூறவில்லை. அதனைக் கண்ட பின்னரும் அவள் கணவனுடன் மதுரைக்குப் புறப்படுகிறாள். அடைக்கலக் காதையில் கோவலனும் தீக்கனாக் கண்டு மாடலனிடம் உரைக்கிறான். அதன்பின் அவன் மதுரைக்குள் செல்லுமாறே அறிவுறுத்தப்படுகிறான். கேட்டினை உணர்த்திய கனவு, அதனின்று விலகும் வழியை உணர்த்தவில்லை. ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்பதே காப்பியத்தின் கொள்கையாதலின் கனவு ஊழின் முன்னறிவிப்பாகவே நின்றுவிடுகிறது.

விவிலிய எச்சரிக்கையின் இயல்பு இதனின் வேறானது. நாற்பது நாளில் நினிவே அழியும் என்று இறைவாக்கினர் யோனா அறிவிக்கிறார். மக்கள் மனந்திரும்பியதால் நகர் அழியாது நிலைபெறுகிறது. அறிவிக்கப்பட்டது நிகழாமற் போதலே எச்சரிக்கையின் வெற்றி. ஊழ் நிகழ்ந்தே தீரும். எச்சரிக்கையோ நிகழாமைப்பொருட்டே உரைக்கப்படுகிறது. எனவே அது கேட்போனின் உரிமையை முற்கோளாகக் கொள்வது. அவன் மறுக்கவும் கூடும். மறுக்கக்கூடியதை ஏற்றல் ஒரு செயலேயன்றிச் செயலின்மை அன்று.

இரு துணைவியர் கனவு

மறுத்தலின் விளைவை இருபெரு நூல்களும் ஒத்த சூழலில் வைத்துக் காட்டுகின்றன. வழக்குரை காதையின் தொடக்கத்தில் பாண்டிமாதேவி தான் கண்ட தீக்கனாவை அரசனிடம் உரைக்கிறாள். அடுத்துக் கண்ணகி வாயிலில் வந்து நிற்கிறாள். பிலாத்துவின் மனைவியும் தன் கனவினைக் கணவன் நீதியிருக்கையில் வீற்றிருக்கும்போதே சொல்லியனுப்புகிறாள். இருவரும் நீதி வழங்கும் பொறுப்புடையோரின் துணைவியர். இரு வழக்குகளிலும் இறப்பவர் குற்றமற்றவர்.

ஆயினும் காலத்தால் இவை வேறுபடுகின்றன. பாண்டிமாதேவி கனவினை உரைக்குங்கால் கோவலன் கொலையுண்டுவிட்டான். அக்கனவால் திருத்தத்தக்கது எதுவும் இல்லை. பிலாத்துவின் மனைவி அனுப்பிய செய்தியோ தீர்ப்புக்கு முன்னரே வந்துசேர்ந்தது. ஆகவே பாண்டியன் தன் பிழையை உணர்ந்து உயிர் துறக்கிறான். பிலாத்து அறிந்தும் கை கழுவுகிறான். உரிய காலத்தே வந்த எச்சரிக்கை கேட்டவனின் பொறுப்பை மிகுவிக்கிறது என்பது இவ்வொப்பீட்டால் புலனாகும்.

கம்பரிடத்தும் இத்தன்மை காணலாம். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை வீடணன் இராவணனுக்குக் கூறும் அறிவுரையாக அவர் அமைத்துள்ளார். இராவணன் முழுவதும் கேட்டும் கொள்ளவில்லை. வீடணன் உரையைக் கொள்ளாத இராவணனின் வீழ்ச்சியைக் கம்பர் பாடினார். எச்சரிக்கையைக் கேட்டு நடந்தவனின் வாழ்வை வீரமாமுனிவர் பாடினார். கம்பரின் காப்பிய நெறியைப் பெரிதும் தழுவிய முனிவர் இவ்விடத்தில் புதுவழி காண்கிறார்.

ஐயமும் இசைவும்

கேட்டு நடத்தல் எளிதெனத் தோன்றாதவாறு முனிவர் கதையை வளர்த்துள்ளார். மரியாள் கருவுற்றமை அறிந்த சூசையப்பரின் கலக்கத்தை மத்தேயு ஒருசில சொற்களிலேயே கூறிச் செல்கிறார். தேம்பாவணியில் அது ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம் என இரு படலங்களுக்குரிய பொருளாக விரிகின்றது. அறத்திற்கும் அன்பிற்கும் இடையே அலையும் உள்ளத்திடமே வானவன் வருகிறான். ஐயுற்றுத் துன்புற்றவன் ஏற்கும் கட்டளை கண்மூடிய கீழ்ப்படிதல் ஆகாது.

இறுதிக் கனவும் இதற்குச் சான்றாகும். யூதேயாவில் அர்க்கெலாவு ஆள்வதைக் கேட்டுச் சூசையப்பர் அஞ்சினார். அதன்பின்னரே அறிவுறுத்தல் வந்தது. மனித அறிவின் விழிப்பும் இறை எச்சரிக்கையும் இவண் ஒருதிசை நோக்குகின்றன. வருமுன் காத்தலை அறிவுடையோர் இயல்பாக வள்ளுவம் போற்றுவதோடு இது பெரிதும் இயைகின்றது.

பெத்லகேமின் தாயர்

எனினும் இவ்வெச்சரிக்கையின்கண் தீர்க்க அரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. அது ஒரு குடும்பத்திற்கே வந்தது. சூசையப்பர் இரவில் எழுந்து குழந்தையோடு புறப்பட்டார். பெத்லகேமில் இரண்டு வயதிற்குட்பட்ட ஏனைய ஆண்குழந்தைகள் கொல்லப்பட்டனர். அவர்தம் தாயர்க்குக் கனவு வரவில்லை. வாள் வருவதைக் கண்டும் அறிவியாத காவலன்மீது இரத்தப்பழி சாரும் என எசேக்கியேல் 33ஆம் அதிகாரம் உரைக்கின்றது. அவ்வளவுகோல் கொண்டு நோக்கின், எச்சரிக்கை பெற்றவர் அயலார்க்கு அறிவித்தாரா என்னும் வினாவிற்கு மத்தேயு விடை தரவில்லை. ஏரோதின் சூழ்ச்சி முழுவதும் சூசையப்பர்க்கு உணர்த்தப்பட்டதாகவும் அவர் கூறவில்லை; குழந்தையைக் கொல்லத் தேடுவான் என்பதே அறிவிக்கப்பட்டது. எனினும் இவ்விளக்கம் தாயரின் அழுகையை ஆற்றாது. மத்தேயுவும் ஆற்ற முயலவில்லை; எரேமியாவின் இராகேல் புலம்பலை நினைவூட்டி அமைகிறார்.

இதே ஏரோது மறைநூல் அறிஞரிடம் மெசியா பிறக்கும் ஊரைக் கேட்டறிந்தவன் என்பதும் கருதத்தக்கது. இறைவாக்கு அவனுக்கும் எட்டியது. அதனை அவன் கொலைக்குரிய தகவலாக்கிக் கொண்டான். குழந்தைகளின் சாவுக்குரிய பொறுப்பை வானவன் வாராமையில் தேடுவதினும், கேட்டதைத் திரித்தவனிடத்துத் தேடுதலே மூலத்தின் போக்கு எனலாம்.

மத்தேயுவில் மூன்றே வசனங்களாக (2:16-18) அமைந்த இந்நிகழ்வை முனிவர் குழவிகள் வதைப் படலம் எனத் தனிப்படலமாக்கியுள்ளார். தலைவன் தப்பியதைப் போற்றுவதோடு நின்றிருப்பின் காப்பியத்தின் ஓட்டம் தடையுறாது. ஆயினும் தப்பாதவர்க்கும் காப்பியத்துள் இடம் அளித்தார். வினாவைத் தீர்க்காவிடினும் மறைக்கவில்லை என்பது அவர்தம் நேர்மைக்குச் சான்றாகும்.

முடிவுரை

தமிழ்க் காப்பியக் கனவு ஊழினை அறிவித்து நிற்க, தேம்பாவணிக்கு மூலமாகிய விவிலிய எச்சரிக்கை ஊழினின்று விலகும் வாயிலைத் திறக்கின்றது. அவ்வாயிலின்வழிச் சென்ற வளனைத் தலைவனாக்கியதன்மூலம் காப்பிய வீரத்தின் எல்லையை முனிவர் விரிவாக்கினார். அதேவேளையில், காக்கப்பட்ட ஒரு குழந்தையின் பின்னணியில் காக்கப்படாத குழந்தைகளின் சாவும் நூலுள் இடம்பெற்றுள்ளது. தேம்பாவணி ஆய்வுகள் சொல்நயமும் உவமை நலமும் காண்பதோடு அமையாது, இவ்வறவினாவினையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.