150 என்ற எண்: கிரீன்ஹில் சூத்திரம் எங்கே சறுக்குகிறது?

ரைஃபிள் குழலின் உட்புறம் திருகுப் புரி மாதிரி பள்ளம் வெட்டியிருப்பார்கள். குண்டு அதில் சுழன்றுகொண்டே வெளியே வரும். பம்பரம் மாதிரிதான், சுழற்சி போதவில்லை என்றால் தள்ளாடிக் கவிழும். 1:12 என்றால் 12 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. அந்த இரண்டாவது எண் குறைந்தால் சுழற்சி கூடும்.

எந்தக் குண்டுக்கு எவ்வளவு சுழற்சி? 1879-ல் இங்கிலாந்தின் வுல்விச் பீரங்கிக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் கிரீன்ஹில் ஒரு எளிய விதி தந்தார். விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். காகிதத்தில் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். நீளம்தான் முக்கியம் என்று பிடித்தது அவருடைய பெரிய பலம். நீளமான குண்டைக் காற்று எளிதாகக் கவிழ்த்துவிடும்.

சரி, குறை எங்கே?

எம்16 ரைஃபிளின் 55 கிரெயின் குண்டை எடுத்துக்கொள்வோம். விட்டம் 0.224 அங்குலம், நீளம் சுமார் 0.74. 150 போட்டால் 1:10 வருகிறது. வேகமான குண்டுகளுக்கு 180 போடச் சொன்னார்கள் பின்னால் வந்தவர்கள், போட்டால் 1:12. ஆரம்பத்தில் அந்தத் துப்பாக்கிக்கு வைத்ததோ 1:14! சாதாரண வெப்பநிலையில் அது சுட்டது. கடுங்குளிரில், காற்று அடர்ந்ததும், குண்டு தடுமாறியது. 1963-ல் 1:12 ஆக மாற்றினார்கள்.

கிரீன்ஹில் விதியில் வெப்பநிலைக்கு இடமே கிடையாது. அதைவிடப் பெரிய குறை, விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று அது சொல்லாது. எங்கள் தொழிலில் பாஸ், ஃபெயில் மட்டும் காட்டும் டெஸ்ட் மாதிரி. எவ்வளவில் பாஸ் என்பது தெரியாது.

டான் மில்லர் 2005-ல் வெளியிட்ட சூத்திரம் இங்கேதான் உதவுகிறது. அது தருவது ஒரு நிலைப்பு எண். 1-க்குக் கீழே போனால் குண்டு கவிழும், 1.5 இருந்தால் நிம்மதி. அதே குண்டுக்குப் போட்டுப் பார்த்தேன். 1:14-ல், 15 டிகிரி செல்சியஸில் சுமார் 1.0, மைனஸ் 54-ல் 0.76. 1:12-ல் முறையே 1.37, 1.04. குளிரில் ஏன் சொதப்பியது, ஏன் 1:12-ல் சரியானது, இரண்டும் நாலு எண்ணில் தெரிந்துவிடுகிறது.

"கனமான குண்டுக்கு அதிகச் சுழற்சி வேணும்" என்று பொதுவாகச் சொல்வாங்க. மில்லர் சூத்திரத்தில் எடை மேலே இருக்கிறது, அதாவது நிலைப்பைக் கூட்டுகிறது, குறைப்பது நீளம். ஈயக் குண்டில் கனம் கூடினால் நீளமும் கூடும், அதனால்தான் அந்தப் பேச்சு இத்தனை நாள் ஓடியது.

இப்போது ஓடாது. காண்டர் கழுகுகளை ஈய நஞ்சிலிருந்து காப்பாற்ற, கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு முழுத்தடை. செம்பின் அடர்த்தி 8.9, ஈயத்துக்கு 11.3. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகத்தான் இருக்கும். பெட்டியில் பழைய எடையைப் பார்த்து வாங்கிப் பழைய குழலில் போட்டால், குறி தவறி ஒரு மான் காயத்தோடு ஓடலாம்.

கிரீன்ஹில்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. முதல் மதிப்பீட்டுக்கு அது போதும். ஆனால் வாங்கும் முன்னால் எடையை மட்டும் பார்க்காதீங்க, நீளத்தையும் கேளுங்க. குளிர்ப் பிரதேசம் என்றால் மில்லரையும் ஒருமுறை போட்டுப் பாருங்க.