கைதட்டல் அடங்கிய பிறகு

மார்ச் வந்தால் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை மகளிர் தின மேடைகளில் ஒரு கதை தவறாமல் வந்துவிடும். தேவதாசி முறை புனிதமானது, அதை ஒழிக்கக் கூடாது என்றாராம் சத்தியமூர்த்தி. இத்தனை காலம் எங்கள் பெண்கள் சேர்த்த புண்ணியத்தை இனி உங்கள் வீட்டுப் பெண்கள் சேர்க்கட்டும் என்று பதில் வந்ததாம். அரங்கம் அதிரும். பதில் சொன்னவர் ஒரு மேடையில் முத்துலட்சுமி ரெட்டி, அடுத்த மேடையில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். (இருவரையும் அரசு உதவித்தொகையின் பெயராகவே அறிந்த மாணவிகளுக்கு இந்தக் குழப்பம் உறைப்பதில்லை.)

யார் சொன்னதாகவும் இருக்கட்டும். அந்தப் பதில் எதை நிறுவுகிறது? புனிதம் பேசுகிறவர் அதைத் தன் வீட்டுக்குள் விடமாட்டார் என்பதை. சாதியின் இரட்டை நாக்கைக் காட்ட அது போதும். ஆனால், பொட்டுக்கட்டுவதை நிறுத்திய வீட்டில் மறுநாள் உலை எப்படிக் கொதிக்கும் என்பதற்கு அதில் விடை கிடையாது.

விடை நிலத்தில் இருந்தது. கோயில் ஊழியத்துக்கு ஈடாகப் பல குடும்பங்கள் மானிய நிலத்தை அனுபவித்தன. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். அதனால் ஒரு மகளுக்காவது பொட்டுக்கட்ட வேண்டியிருந்தது. பக்தி என்று பேசப்பட்டதற்கு அடியில் ஒரு சொத்துக் கணக்கு ஓடியது. 1927 நவம்பரில் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்த முத்துலட்சுமி, 1929இல் அறநிலையச் சட்டத் திருத்தத்தின் வழியாக நிலத்தை ஊழியத்திலிருந்து பிரித்து அந்தப் பெண்களிடமே விடவைத்தார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. எந்த மேடையிலும் இந்த நிலத்துக்குக் கைதட்டல் விழுந்து நான் கேட்டதில்லை.

முத்துலட்சுமியின் வாதத்திலும் எனக்கு ஒரு இடம் இடறுகிறது. சென்னைத் தேவதாசிகள் சங்கமாகக் கூடி மனு கொடுத்தார்கள்: எங்களை விலைமாதரோடு சேர்க்காதீர்கள், எங்களுக்குக் கல்வி கொடுங்கள் என்று. யாரோ தூண்டிவிட்டுப் பேசுகிறார்கள் என்று அவர் அதை ஒதுக்கினார். அவருடைய தாய் சந்திரம்மாள் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். பேச அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் தூண்டியவர் யார் என்று கேட்பது, மனுவில் உள்ளது பொய் என்று காட்டுவதாகாது.

மனுவையும் அப்படியே நம்பிவிட முடியாது. அதில் பேசுபவர்கள் வளர்ந்த பெண்கள். பொட்டுக்கட்டப்படுகிற வயதில் இருக்கும் சிறுமி அதில் எங்கும் வாய் திறக்கவில்லை.